டிஸ்க் உன்னுது, சாவி என்னுது

2000-ம் வருஷம் ஜனவரி 24-ம் தேதி. நார்வே நாட்டில் லார்விக் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் போலீஸ். உள்ளூர் ஸ்டேஷன் ஆசாமிகள் இல்லை. பொருளாதாரக் குற்றங்களை விசாரிப்பதற்கென்றே இருக்கிற ஓகோக்ரிம் என்ற தேசிய அமைப்பு. பெரிய பெரிய கம்பெனி மோசடிகளைப் பிடிக்கிறவர்கள். வந்தார்கள். வீட்டிலிருந்த கம்ப்யூட்டர்களைத் தூக்கினார்கள். செல்போனைக்கூட விடவில்லை. வீட்டுப் பையனை அழைத்துப்போய் பல மணி நேரம் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்கள்.

பையன் பெயர் யோன் லெக் யோஹான்சன். வயசு 16. நல்ல பையன். படிப்போடு மற்ற விஷயங்களிலும் கெட்டிக்காரர்களாக இருக்கும் மாணவர்களுக்கு அந்த ஊரில் ஒரு பரிசு கொடுப்பார்கள். அதே ஜனவரி மாதம்தான் அதை வாங்கியிருந்தான். அவனுடைய அப்பா பெயரும் புகாரில் இருந்தது.

அப்படி என்ன செய்துவிட்டான்? யார் வீட்டிலும் திருடவில்லை. யாருடைய பேங்க் அக்கவுண்ட்டிலும் கை வைக்கவில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கின சினிமா டிஸ்க்கை, தயாரித்தவன் சொன்ன பெட்டியில் போடாமல் தன் கம்ப்யூட்டரில் திறப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். கண்டுபிடித்ததை ஊருக்கும் சொல்லிவிட்டான்.

இதற்கு எதற்கு அத்தனை போலீஸ் என்று கேட்கத் தோன்றும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த டிஸ்க்கை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

டி.வி.டி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் அமெரிக்காவுக்குப் போனது. விட்டம் 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் ஒரே தகடு போலத் தெரியும். உண்மையில் இரண்டு. 0.6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பார்கள். நடுவே காகிதத்தைவிட மெல்லிசான அலுமினியப் பூச்சு. ஒரு அடுக்கு என்றால் 4.7 ஜி.பி, இரண்டு அடுக்கு என்றால் 8.5 ஜி.பி. இந்த இரண்டு எண்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

படத்தை அப்படியே விற்க ஹாலிவுட்டுக்குப் பயம். வீடியோ கேசட்டில் காப்பி எடுத்தால் படம் கொஞ்சம் மங்கும். காப்பிக்குக் காப்பி எடுத்தால் கண்ணராவி. டிஜிட்டலில் அந்தக் கவலையே கிடையாது. நூறாவது காப்பியும் முதல் காப்பி மாதிரியே இருக்கும். ஆகவே பூட்டு போட்டார்கள். பெயர் சி.எஸ்.எஸ். படத்தின் தகவல்களைக் கண்டபடி கலைத்து வைத்துவிடுவது. அதைச் சரியாக அடுக்கிக் காட்டும் சாவி டிஸ்க்கிலேயே ஒரு ஓரத்தில் இருக்கும். ஆனால் அந்தச் சாவியும் ஒரு பெட்டிக்குள். அந்தப் பெட்டியைத் திறக்கிற சாவி பிளேயர் தயாரிக்கிற கம்பெனியிடம் இருக்கும். நானூறுக்கும் மேற்பட்ட பிளேயர் சாவிகளுக்கு ஏற்பாடு. ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு, காசு கட்டி, ரகசியம் காப்பேன் என்று சத்தியம் செய்கிற கம்பெனிக்குத்தான் சாவி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டிஸ்க்கை நீங்கள் வரிக்கு வரி காப்பி எடுத்தால் படம் ஓடாது. கடையில் கிடைக்கிற சாதாரண காலி டி.வி.டி-யில் சாவி உட்கார வேண்டிய இடத்தில் எழுதவே முடியாதபடி செய்திருந்தார்கள். வீடு வரும், சாவி வராது. சரி, தொழிற்சாலை வைத்து ஆயிரக்கணக்கில் அச்சடித்து விற்கிற திருடனுக்கு? அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அவன் சாவியையும் சேர்த்தே அச்சடித்துவிடுவான். ஆக, பூட்டு யாருக்கு? கடையில் ஒரிஜினல் வாங்கி, குழந்தை கீறிவிடப் போகிறதே என்று ஒரு காப்பி எடுத்து வைக்க நினைத்தவருக்கு!

போதாததற்கு உலகத்தையும் ஆறு துண்டாகப் போட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. இப்படியே போய் இந்தியா, இலங்கை எல்லாம் 5. ஒரு எண்ணுள்ள டிஸ்க் வேறு எண்ணுள்ள பிளேயரில் ஓடாது. தமிழர்களைப் போல ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் ஜனங்களுக்கு இது என்ன பாடு என்று யோசியுங்கள். அண்ணன் டொரண்டோவில் 1. தம்பி லண்டனில் 2. அக்கா சிங்கப்பூரில் 3. அம்மா யாழ்ப்பாணத்தில் 5. நல்லவேளை, நம் ஊர்ப் பட டி.வி.டி-க்கள் பலவற்றில் இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் எல்லா ஊருக்கும் பொதுவாகவே அச்சடித்தார்கள். வியாபாரமே வெளிநாட்டில்தானே.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஏனென்றால் வீட்டில் காப்பி எடுக்கலாமா என்கிற சண்டை டி.வி.டி-யில் ஆரம்பித்ததல்ல.

1975-ல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. டி.வி-யில் ஓடுவதைப் பதிவு செய்து பிறகு பார்க்கலாம். கொலம்போ பார்க்கிற நேரத்தில் கோஜாக் தவறிப்போகிறதே என்று இனிமேல் கவலைப்பட வேண்டாம் என்கிற தினுசில் விளம்பரம் செய்தார்கள். இரண்டுமே யுனிவர்சல் ஸ்டூடியோவின் தொடர்கள். தன் சரக்கை வைத்தே தன்னைக் காலி செய்கிறார்களே என்று யுனிவர்சலுக்குக் கோபம் வந்தது. டிஸ்னியும் சேர்ந்துகொள்ள, 1976-ல் சோனி மேல் வழக்கு. பெயருக்கு ஒரு சாமானிய வீட்டுக்காரரையும் பிரதிவாதியாகப் போட்டார்கள். அவர் வேறு யாருமல்ல. ஸ்டூடியோக்களின் வக்கீல் கம்பெனிக்கே கட்சிக்காரர்! அவரிடம் ஒரு பைசா கேட்க மாட்டோம் என்று சொல்லியே சேர்த்திருந்தார்கள்.

எட்டு வருஷம் இழுத்தது. கீழ்க்கோர்ட்டில் சோனி ஜெயித்தது. மேல்கோர்ட்டில் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டில் 1983-ல் இரண்டு முறை வாதம் கேட்டார்கள். முதல் சுற்றில் சோனிக்கு எதிராகத்தான் நீதிபதிகள் பெரும்பாலும் சாய்ந்திருந்தார்கள் என்பது பிற்பாடு வெளியான அவர்களுடைய சொந்தக் காகிதங்களிலிருந்து தெரிந்தது. 1984 ஜனவரி 17 அன்று தீர்ப்பு. ஐந்துக்கு நான்கு. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சோனி பிழைத்தது. ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து வசதியான நேரத்தில் பார்ப்பது நியாயமான உபயோகம்தான் என்றது கோர்ட். கவனியுங்கள், பிறகு பார்ப்பதற்குத்தான் அனுமதி. சேர்த்துவைத்து வீட்டில் லைப்ரரி கட்டலாமா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குள் ஹாலிவுட்டின் தலைவிதியே மாறியது தனிக்கதை. வீடியோ வந்தால் சினிமா செத்தது என்று ஒப்பாரி வைத்தவர்கள், எண்பதுகளின் பின்பாதியில் தியேட்டரைவிடக் கேசட்டில் அதிகம் சம்பாதிக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் தோல்வி மறக்கவில்லை. கருவி செய்கிறவனைக் கோர்ட்டில் அடிக்க முடியவில்லையா? சரி, சட்டத்தையே மாற்று. 1998 அக்டோபரில் அமெரிக்காவில் டி.எம்.சி.ஏ என்கிற சட்டம் வந்தது. அதில் ஒரு புதுச் சங்கதி. காப்பி எடுத்தாயா இல்லையா என்பது இரண்டாம் பட்சம். பூட்டை உடைத்தாலே குற்றம். பூட்டை உடைக்கிற கருவியைச் செய்தால், விற்றால், கொடுத்தால் அதுவும் குற்றம். வீடு உன்னுடையதாகவே இருந்தாலும்!

இப்போது நார்வேக்கு வரலாம்.

1999-ல் யோஹான்சன் இன்டர்நெட்டில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தான். ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் டச்சுக்காரர். இன்றுவரை அந்த இருவரின் நிஜப் பெயர் வெளியே வரவில்லை. கம்ப்யூட்டரில் டி.வி.டி ஓட்டுகிற ஸிங் என்ற சாஃப்ட்வேரை அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். சாவியை மறைத்து வைக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். ஸிங்கோ சாவியை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தது. ஒரு சாவி கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பூட்டே சொத்தைப் பூட்டு. வெறும் 40 பிட். அந்தக் காலத்தில் வலுவான ரகசியக் குறியீடுகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா கெடுபிடி செய்துகொண்டிருந்ததன் பலன். அதிலும் வடிவமைப்பு மகா மோசம். அத்தனை சாவியையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, குறுக்கு வழியிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று அந்த வருஷமே ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்பவர் எழுதிக் காட்டிவிட்டார்.

அக்டோபரில் டி-சி.எஸ்.எஸ் என்ற குட்டி புரோகிராம் வெளிவந்தது. பூட்டைத் திறக்கிற பகுதியை எழுதியது ஜெர்மானியர் என்கிறார்கள். பார்ப்பதற்கும் கிளிக் செய்வதற்கும் வசதியாக முகப்பு எழுதியது நம் பையன். பெயரை மறைத்துக்கொள்ளாதவனும் அவன்தான். மாட்டினான்.

லினக்ஸ் உபயோகிக்கிறவர்களுக்கு அப்போது முறைப்படி டி.வி.டி பார்க்க வழியே கிடையாது, அதற்காகத்தான் செய்தோம் என்பது அவர்கள் தரப்பு. எதிர்த்தரப்பு, அந்தப் புரோகிராம் முதலில் விண்டோஸில்தானே ஓடியது என்று மடக்கியது. அதுவும் உண்மைதான். இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் இரண்டு வழக்கு பாய்ந்தது. கலிஃபோர்னியாவில் பூட்டுச் சங்கத்தின் வழக்கு. வியாபார ரகசியம் திருடு போய்விட்டது என்று மனு. அந்த மனுவோடு எது ரகசியமோ அந்தப் புரோகிராமையே ஆதாரமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் வக்கீல்கள். சீல் வைக்கச் சொல்லவும் மறந்தார்கள். கோர்ட் ஆவணம் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறகு அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நியூயார்க் வழக்குதான் பெரிது. 2600 என்ற ஹேக்கர் பத்திரிகை டி-சி.எஸ்.எஸ் புரோகிராமைத் தன் தளத்தில் போட்டிருந்தது. எட்டு ஸ்டூடியோக்கள் சேர்ந்து இழுத்தன. 2000 ஆகஸ்டில் நீதிபதி லூயிஸ் கப்லான் பத்திரிகைக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார். புரோகிராமைப் போடக்கூடாது. இருக்கிற இடத்துக்கு வேண்டுமென்றே லிங்க் கொடுக்கவும் கூடாது. அடுத்த வருஷம் மேல்கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

தடை போட்டதும் ஜனங்களுக்கு ஆசை வரும் இல்லையா? புரோகிராமை டி-ஷர்ட்டில் அச்சடித்தார்கள். கவிதையாக எழுதினார்கள். எம்.ஐ.டி-யில் இருவர் அதை ஏழே வரிக்குச் சுருக்கினார்கள். ஒரு கணிதப் பிரியர் அதைச் சுருக்கி ஒரு எண்ணாக்கி, அந்த எண் பகா எண்ணாக வருமாறு ஏற்பாடு செய்தார். ஆயிரம் இலக்கத்துக்கு மேல் நீளும் ஒரு பகா எண். எண்ணைத் தடை செய், பார்க்கலாம் என்பது சவால். பிரான்சில் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த வி.எல்.சி பிளேயர் இன்னொரு தினுசு. அதோடு வருகிற டிஸ்க் திறக்கும் பகுதி திருட்டுச் சாவி எதையுமே நம்பியிருக்கவில்லை. பூட்டின் சொத்தையை வைத்துத் தானே சாவி தேடிக்கொள்ளும். உங்கள் கம்ப்யூட்டரில் டி.வி.டி ஓட்டியிருக்கிறீர்களா? பெரும்பாலும் அதுதான்.

நார்வேயில் 2002-ல் குற்றப்பத்திரிகை. டிசம்பரில் ஆஸ்லோவில் விசாரணை. 2003 ஜனவரி 7 அன்று கோர்ட் பையனை விடுவித்தது. காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கை எந்தக் கருவியில் பார்ப்பது என்பது வாங்கியவன் இஷ்டம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அரசுத் தரப்பு அப்பீல் போனது. 2003 டிசம்பர் 22-ல் மறுபடியும் விடுதலை. இனி மேலே போவதில்லை என்று 2004 ஜனவரியில் ஓகோக்ரிம் கையை விரித்தது. அதே மாதம் கலிஃபோர்னியா வழக்கையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். ரகசியம் ஊர் பூரா டி-ஷர்ட்டில் திரியும்போது என்ன வழக்கு!

கதை சுபம் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. பையன் தப்பித்தான். டிஸ்க் வாங்கினவர் மாட்டிக்கொண்டார்.

2002-ல் அமெரிக்காவில் 321 ஸ்டூடியோஸ் என்ற கம்பெனி டி.வி.டி எக்ஸ் காப்பி என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. வெளிப்படையாக, கடையில் வைத்து விற்றது. உங்கள் டிஸ்க்குக்கு ஒரு பாதுகாப்பு நகல். அவ்வளவுதான். காப்பிக்குக் காப்பி எடுக்க முடியாமல் அவர்களே தடுத்தார்கள். காப்பியில் அடையாள முத்திரையும் குத்தினார்கள். வழக்கு வருவதற்கு முன்னால் தாங்களே கோர்ட்டுக்குப் போய், நாங்கள் செய்வது சரியா என்று கேட்டார்கள். 2004 பிப்ரவரியில் பதில் வந்தது. வாடிக்கையாளர் எடுக்கிற காப்பி நியாயமாகவே இருக்கலாம். அதற்கான கருவியை நீ விற்கக்கூடாது. ஆகஸ்டில் கம்பெனிக்குப் பூட்டு!

அந்தத் தீர்ப்பை மறுபடி படியுங்கள். இலையில் சாப்பாடு போட்டாகிவிட்டது, கையை மட்டும் கட்டியிருக்கிறது. இதே சமயத்தில் டி.வி.டி ஷ்ரிங்க் என்று ஒரு இலவச புரோகிராம் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் சொன்ன இரண்டு எண்கள் நினைவிருக்கிறதா? 8.5 ஜி.பி படத்தை அமுக்கி 4.7 ஜி.பி காலி டிஸ்க்குக்குள் அடக்குகிற வித்தை. பிற மொழி ஒலித்தடங்களை உதறி, கொஞ்சம் தரத்தைக் குறைத்து, உள்ளே திணிக்கும். முறையாகக் கடை போட்டவன் மூடினான். இலவசமாக விட்டது எங்கே பார்த்தாலும் கிடைத்தது. சட்டங்களுக்கு இப்படி ஒரு ராசி உண்டு.

அடுத்து வந்தது ரியல் நெட்வொர்க்ஸ். 2008 செப்டம்பரில் ரியல் டி.வி.டி என்று ஒரு சாஃப்ட்வேர். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். காப்பிக்கும் பூட்டு உண்டு. உங்களுடைய ஐந்து கம்ப்யூட்டருக்கு மேல் ஓடாது. இதைவிட அடக்க ஒடுக்கமாக ஒருவன் காப்பி எடுக்க முடியாது. சில நாட்களிலேயே தடை வந்தது. 2009 ஆகஸ்டில் நீதிபதி மெர்லின் பட்டேல் தடையை உறுதி செய்தார். நாப்ஸ்டருக்கு முடிவு கட்டிய அதே அம்மணி. 2010-ல் ரியல் நெட்வொர்க்ஸ், ஸ்டூடியோக்களின் வழக்குச் செலவுக்காக 45 லட்சம் டாலர் கொடுத்துக் கும்பிடு போட்டது. இதில் ஒரு ருசியான சங்கதி. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போன ஸிங் இருக்கிறதே, அதை 1999-லேயே விலைக்கு வாங்கியது இதே ரியல் நெட்வொர்க்ஸ்தான்.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கு கெலைடெஸ்கேப். பணக்காரர்களின் பெட்டி இது. விலை பத்தாயிரக்கணக்கான டாலர்களில். வீட்டிலிருக்கும் நூற்றுக்கணக்கான டி.வி.டி-க்களை ஒவ்வொன்றாக உள்ளே ஊட்டிவிட்டால் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும். பிறகு எந்த அறையிலிருந்தும் எந்தப் படத்தையும் பார்க்கலாம். டிஸ்க் என்னுடையதுதான் என்று ஒவ்வொரு தடவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து ஒருவன் இருபது டாலர் படத்தைத் திருட மாட்டான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு இவர்கள் திருட்டுச் சாவியும் போடவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, காசு கட்டி, முறைப்படி சாவி வாங்கியவர்கள்.

2004 டிசம்பரில் பூட்டுச் சங்கம் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், படம் ஓடும்போது டிஸ்க் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும் என்று வாதம். எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறது? ரகசிய விதிமுறைப் புத்தகத்தில். அந்தப் புத்தகத்தை எப்போது கொடுத்தார்கள்? கையெழுத்து வாங்கிய பிறகு! 2007-ல் கீழ்க்கோர்ட் நீதிபதி, அந்தப் புத்தகம் ஒப்பந்தத்தில் சேர்த்தியே இல்லை என்று தள்ளிவிட்டார். 2009-ல் மேல்கோர்ட், சேர்த்திதான் என்றது. 2012-ல் தடை. 2014-ல் சமரசம். பத்து வருஷம்! நடுவில் புளூ-ரே வந்ததும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 320 டிஸ்க் அடுக்குகிற ஒரு பெட்டகம் செய்தது. படம் ஓடுவது ஹார்ட் டிஸ்க்கிலிருந்துதான். ஆனால் அசல் டிஸ்க் பெட்டகத்தில் ஆஜராக இருக்க வேண்டும். வேலை செய்ய அல்ல, சும்மா கையைக் கட்டி நிற்க.

ஸ்டூடியோக்காரர்கள் எல்லா இடத்திலும் சொன்ன வாதம் ஒன்றுதான். டிஜிட்டல் பொருள் தேயாது, எதற்கு நகல்? உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள். சொந்த டிஸ்க்கை வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளவாவது விலக்கு கொடுங்கள் என்று அமெரிக்காவில் 2012-ல் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 2015-ல் மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் இல்லை. பிரிட்டனில் 2014 அக்டோபரில், சொந்த உபயோகத்துக்குக் காப்பி எடுக்கலாம் என்று சட்டமே போட்டார்கள். அடுத்த ஜூலையில் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. பத்து மாசம்கூட நிலைக்கவில்லை.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. டி.வி.டி-க்கு முன்னால் நாம் வாழ்ந்தது வி.சி.டி-யில். அதில் பூட்டே கிடையாது. இரண்டு டிஸ்க். இடைவேளைக்கு எழுந்துபோய் மாற்றிப் போடவேண்டும். பூட்டில்லாத வீட்டில் என்ன நடக்குமோ அது நடந்தது. திருட்டு வி.சி.டி பர்மா பஜாரில் தொடங்கி பெட்டிக்கடை வரை போனது. 2004-ல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தது தமிழக அரசு. சாராய வியாபாரி, ரௌடி, பக்கத்தில் சி.டி விற்கிறவன். இதைவிட உருப்படியான வைத்தியத்தை 2007 வாக்கில் மோசர் பேர் செய்தது. காலி டிஸ்க் தயாரிப்பில் உலக அளவில் பெரிய கை. படங்களின் உரிமையை மொத்தமாக வாங்கி வி.சி.டி 28 ரூபாய், டி.வி.டி 34 ரூபாய் என்று போட்டார்கள். திருட்டு டிஸ்க் விலைக்கு ஒரிஜினல்! வாங்கிக் குவித்தோம். இந்தக் கம்பெனியும் கடனில் மூழ்கி, 2018-ல் கலைக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

நம் காப்பிரைட் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கம்ப்யூட்டர் புரோகிராமுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்கலாம் என்று 1994 திருத்தத்திலேயே இருக்கிறது. சொந்த உபயோகம் என்கிற சலுகை புத்தகம், நாடகம், இசை, ஓவியத்துக்கு உண்டு. சினிமா மட்டும் பட்டியலில் இல்லை. 2012 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள். அதே திருத்தத்தில் பூட்டை உடைப்பதும் இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றமானது. ஆனால் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். சொந்த டிஸ்க்கை சொந்த வீட்டில் காப்பி எடுத்து வைப்பவர் அமெரிக்கரைவிட இங்கே நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் வாசிப்பு. இன்னொருவருக்குப் பூட்டுடைக்க உதவி செய்கிறவர், அவருடைய பெயர், விலாசம் எல்லாம் குறித்து ரெஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. அப்படி ரெஜிஸ்டர் போட்ட சி.டி கடை எதையும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஹாலிவுட்டே ஒரு வழி சொன்னது. 2011-ல் அல்ட்ரா வயலெட் என்ற திட்டம். உங்கள் படங்களெல்லாம் இணையத்தில் உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும். 2012-ல் அமெரிக்க வால்மார்ட் கடைக்கு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனால், ஒரு டி.வி.டி-க்கு இரண்டு டாலர் வாங்கிக்கொண்டு அதை இணையக் கணக்கில் ஏற்றிக் கொடுத்தார்கள். சொந்தப் படத்துக்கு மறுபடியும் மொய். ஜனங்கள் அதையும் செய்தார்கள். 2019 ஜூலை 31-ல் அல்ட்ரா வயலெட் மூடப்பட்டது. வேறு சேவைகளோடு இணைத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

தேயாது என்றார்களே, அந்த டிஸ்க்? 2025-ல் வார்னர் பிரதர்ஸ் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. 2006-லிருந்து 2008 வரை தயாரான அவர்களுடைய டி.வி.டி-க்களில் சில கெட்டுப்போகின்றன. கீறல் இல்லை, கறை இல்லை, அலமாரியிலேயே இருந்தவை. போட்டால் ஓடவில்லை. மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஆனால் சில படங்கள் இப்போது அச்சில் இல்லை, சிலவற்றின் உரிமை கைமாறிவிட்டது. அதற்குப் பதிலாக அதே மதிப்பில் வேறு படம் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி என் அலமாரியைத் திறந்தேன். 34 ரூபாய்ப் படங்கள் பெரும்பாலும் ஓடின. ஓடாதது ஒன்றே ஒன்று. எங்கள் கல்யாண டி.வி.டி. 2006-ல் உள்ளூர் ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்தது. அதில் எந்தப் பூட்டும் இல்லை, எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. ஐந்து நிமிஷத்தில் காப்பி எடுத்திருக்கலாம். ஆனால் அது கம்பெனியில் அச்சடித்த டிஸ்க் இல்லையே. சாயப் பூச்சின் மேல் லேசரால் சுட்டது. வெயில், சூடு இரண்டும் அதற்கு ஆகாது. நான் அதை வைத்திருந்தது டி.வி-க்கு மேலே, ஜன்னல் ஓரம். மாப்பிள்ளை அழைப்பு வரை ஓடியது. அப்புறம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டது. ஸ்டூடியோவில் கேட்டால், அந்தக் கேசட்டையெல்லாம் அடுத்தடுத்த கல்யாணத்துக்கு அழித்து எடுத்துவிட்டோம் சார் என்றார்கள்.

துபாயில் இருக்கும் மச்சினனுக்கு போன் போட்டேன். கல்யாணமாகிப் போன வாரமே லேப்டாப்பில் ஒரு காப்பி போட்டுக்கொண்டு போயிருந்தானாம். நாலைந்து லேப்டாப் மாறியும் அது கூடவே வந்திருக்கிறது. ரெண்டு நாள் கழித்து அனுப்பினான். முகூர்த்தத்தில் அப்பா அட்சதை போடுகிறார். அவர் 2011-ல் போய்விட்டார். அட்சதை போட்டுவிட்டு கேமராக்காரரிடம் ஏதோ சொல்கிறார். மேளச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை. நாலு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.